மரக்காணத்து நியர் மிஸ்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கிற சிஎன்ஜி பங்க்கில் இதுவரை எந்த விபத்தும் நடந்ததில்லை. திறந்த நாளிலிருந்து ஒருத்தருக்கு ஒரு நகக்கீறல்கூடக் கிடையாது. அந்த பங்க்கின் மேல் தலைமை அலுவலகத்துக்கு இருந்த ஒரே புகார் அதுதான்.

பங்க்குக்குப் பொறுப்பாளர் ஆரோக்கியசெல்வி. முன்பு ஊருக்குள் ஒரு நர்சரி பள்ளியில் எல்கேஜி டீச்சராக இருந்தவள். கொரோனாவில் பூட்டிய பள்ளியை அப்புறம் யாரும் திறக்கவில்லை. வேலை போனாலும் பேர் போகவில்லை. ஊரே அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டது. பங்க்கில் கேஸ் பிடிக்கிற இருசப்பன் அவளைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் அவள் மிஸ்தான். உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்கள் ஒரு படி மேலே போய் 'மிஸ்ஸு' என்பார்கள்.

வகுப்பை நடத்தின மாதிரியேதான் பங்க்கையும் நடத்தினாள். வண்டி உள்ளே வந்தால் இன்ஜின் நிற்க வேண்டும். டிரைவர் உட்பட எல்லோரும் இறங்கி மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். போனை எடுத்தால் எல்கேஜி பிள்ளையிடமிருந்து பொம்மையைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கி வைத்துக்கொள்வாள். சிலிண்டர் சோதனைத் தேதி தாண்டிய வண்டிக்கு, கட்சிக்கொடி கட்டிய வண்டியாக இருந்தாலும் சரி, கேஸ் கிடையாது. "லாரி டயரு வெடிச்சாலே காது போவுது. இது அதைவிட எத்தனையோ மடங்கு பிரஷர்ங்க. வெளையாட்டு கெடையாது" என்பாள். ஷேர் ஆட்டோவில் வரும் உப்பளப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார்கள். இறங்கியதும் யாரும் சொல்லாமலே வரிசையில் நிற்பார்கள். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு வசியம்.

இத்தனை செய்தும் அவள் வேலை தற்காலிகம்தான். பர்மனென்ட் ஆர்டர் வந்தால் இஎஸ்ஐ அட்டை வரும், அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு ஒரு வழி பிறக்கும். ஒருமுறை பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று திரும்பி வந்தவள் அவள். இன்னொரு முறை அப்படி நிற்க அவளால் முடியாது. கர்த்தரிடம் அவள் தினமும் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் அலுவலக அறையில் போன் அடித்தது. எடுத்தவர் இருசப்பன்.

"மரக்காணமா? ஹெட் ஆபீஸ் சேஃப்டி டிபார்ட்மென்ட்ல இருந்து நடராசன் பேசறேன். உங்க ஸ்டேஷன்ல நியர் மிஸ் ஏன் இல்ல?"

"இருக்காங்களே சார். நியர்லதான் இருக்காங்க. கம்ப்ரசர்கிட்ட நிக்கிறாங்க."

"யோவ், நியர் மிஸ் எத்தனைன்னு கேக்கறேன்."

"ஒரே ஒரு மிஸ்தான் சார். நீங்க ஒருத்தரைத்தானே போட்டிருக்கீங்க."

"மாசத்துக்கு ரெண்டாவது இருக்கணும்!"

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம். பாவம், ஒண்டியா கெடந்து அல்லாடுறாங்க."

அந்தப் பக்கம் போனை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. இரண்டாவது மிஸ் சீக்கிரம் வந்துவிடுவார் என்று இருசப்பன் நம்பினார். வந்தது மிஸ் இல்லை, பயிற்சி வகுப்புக்கு அழைப்பு.

புதுச்சேரியில் ஒரு ஓட்டல் ஹாலில் வகுப்பு. பல ஊர் பங்க் பொறுப்பாளர்கள் ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியின் பாதுகாப்புத் துறைத் தலைவர் நடராசன் மேடையேறினார். நல்ல மனிதர். பேச்சில் இனிப்பும் சட்டையில் இஸ்திரியும் குறையாதவர். கேஸ் பங்க்கில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"நியர் மிஸ்னா என்ன? விபத்து நடக்கப் பார்த்து, நடக்காம போறது. ஒரு பெரிய விபத்துக்கு முன்னாடி நெறைய நியர் மிஸ் நடக்கும். இது விஞ்ஞானம். அப்போ ஒரு ஸ்டேஷன்ல நியர் மிஸ்ஸே இல்லேன்னா என்ன அர்த்தம்? அங்க அடுத்தது நேரா விபத்துதான்!"

கை தட்டினார்கள். அவர் திரையைக் காட்டினார். எல்லா பங்க்குகளும் பச்சைக் கட்டங்களாக இருந்தன. மரக்காணம் மட்டும் சிவப்பு.

"நான் இந்த டிபார்ட்மென்ட்டுக்கு வந்தப்போ கம்பெனியில நியர் மிஸ் ரொம்பக் கம்மி. பார்க்கவே பரிதாபமா இருந்துச்சு. இன்னிக்கு அஞ்சு மடங்கு வளர்ந்திருக்கோம். அடுத்த வருஷம் பத்து மடங்கு. அதுதான் என் கனவு!"

மறுபடி கைதட்டல். ஆரோக்கியசெல்வி எழுந்தாள். "சார், எங்க பங்க்குல நெஜமாவே ஒண்ணும் நடக்கலீங்களே. எல்லாரையும் எறக்கி விட்டுடறோம், எல்லாத்தையும் செக் பண்ணிடறோம்..."

நடராசன் கருணையோடு சிரித்தார். "ஒண்ணும் நடக்கலேன்னு பெருமையா சொல்லிக்கிறீங்களேம்மா. உங்களைப் பொறுப்புல எதுக்குப் போட்டிருக்கு? பர்மனென்ட் லிஸ்ட் இந்தக் கலரைப் பார்த்துத்தான் போடுவாங்க, ஞாபகம் வச்சுக்கோங்க."

அன்றைக்குச் சிறந்த பாதுகாப்புக் கேடயம் வாங்கியவர் புறவழிச்சாலையில் இருக்கிற இன்னொரு பங்க்கின் பொறுப்பாளர் தனக்கோடி. அவர் பங்க்கில் மாதம் முழுக்க நியர் மிஸ் கொட்டுகிறதாம். சாப்பாட்டு வரிசையில் அவரே ரகசியத்தைச் சொல்லிவிட்டார். "வாழைப்பழத் தோலு மிஸ். நாமளே போடறது, நாமளே பாக்கறது, நாமளே எடுக்கறது. ஒரு சீப்பு வாங்குனா ஒரு மாசம் ஓடும். பசங்களுக்கும் பழம் கெடைக்குது பாருங்க."

ஆரோக்கியசெல்விக்கு அது பிடிக்கவில்லை. ஊர் திரும்பியவள் உண்மையான நியர் மிஸ் ஒன்றைத் தேடி நாலு பக்கமும் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு அலைந்தாள். கடைசியில், தெரு நாய் ஒன்று கம்ப்ரசர் கூண்டுக்குள் நுழையப் பார்த்து, இருசப்பன் 'ச்சூ' என்றதும் திரும்பிப் போனது. மனசு நிறைய அதை எழுதி அனுப்பினாள்.

தலைமை அலுவலகம் உடனே நடவடிக்கையில் இறங்கியது. இரண்டு பேர் வேனில் வந்து, 'அனுமதியின்றி உள்ளே வராதீர்' என்ற பலகையைக் கூண்டின் வாசலில் தரையோடு தரையாக நட்டார்கள்.

"ஏம்பா, இவ்வளவு கீழ நட்டா யாரு படிக்கிறது?" என்றார் இருசப்பன்.

"ஆபத்துக்கு உட்படுறவரோட கண்ணு மட்டத்துல பலகை இருக்கணும். ரூல்."

"நாய் தமிழ் படிக்குமா?"

அவர்கள் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வந்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டுப் போனார்கள். நாய் வந்து பலகையை மோந்து பார்த்து, பின்னங்காலைத் தூக்கி, தன் முறைப்படி ஒப்புதல் கொடுத்தது. ஆனால் கட்டம் பச்சையாகவில்லை. நாய் ஊழியரும் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல, ஆகவே கணக்கில் சேராது என்று பதில் வந்தது.

மாதம் முடியப் போகிறது. மிஸ்ஸின் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து இருசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் வந்த அஞ்சம்மாளிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அஞ்சம்மாள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். கை காப்புக் காய்த்திருந்தாலும் நெஞ்சு வெல்லக்கட்டி.

"இன்னாது, மிஸ்ஸுக்கு வேலை பர்மனென்ட் ஆவணும்னா நான் வுழணுமா? வுழறேன், அதுக்கென்ன."

"விழக் கூடாதுக்கா. விழுந்தா அது விபத்து, மிஸ்ஸு வேலை போயிடும். விழாம ஒழுங்கா நின்னா ஒண்ணுமே நடக்கல, அப்பவும் வேலை போயிடும். விழப் பாக்கணும். விழக் கூடாது."

"இன்னாய்யா கம்பெனி இது!" என்றாள் அஞ்சம்மாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறி, மறுபடி இறங்கினாள். இறங்குகிற காலை இடற வைத்து, "அடியாத்தே!" என்று அலறி, ஆட்டோக் கம்பியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள். தெருக்கூத்தில் கட்டியங்காரன்கூட அப்படி விழப் பார்த்திருக்க மாட்டான். மற்ற பெண்கள் விசில் அடித்தார்கள்.

சத்தம் கேட்டு ஆரோக்கியசெல்வி ஓடி வந்தாள். "என்னக்கா ஆச்சு?"

"உனுக்குத்தான் மிஸ்ஸு. போதுமா, இன்னும் கொஞ்சம் சாயணுமா?"

ஆரோக்கியசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவன் பென்சிலை எடுத்துக்கொண்டு 'அதுவா வந்துச்சு மிஸ்' என்ற பிள்ளையை முட்டி போட வைத்தவள் அவள். அதே மிஸ், 'பயணி ஒருவர் இறங்கும்போது விழப் பார்த்தார்' என்று எழுதி அனுப்பினாள். அன்றைக்கெல்லாம் வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

இந்தத் தடவை தலைமை அலுவலகம் குதித்தது. நாய் இல்லை, நிஜமான வாடிக்கையாளர்! மூல காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு குழு உட்கார்ந்தது. அவர்களிடம் ஒரு முறை உண்டு. ஐந்து தடவை 'ஏன்' கேட்டால் எந்தச் சிக்கலுக்கும் வேர் கிடைத்துவிடும்.

அந்தப் பெண் ஏன் விழப் பார்த்தார்? ஆட்டோவை விட்டு இறங்கியதால். ஏன் இறங்கினார்? இறங்கச் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள்? விதி இருக்கிறது. ஏன் அப்படி ஒரு விதி? பாதுகாப்புக்காக. பாதுகாப்பு ஏன்?

இந்த ஐந்தாவது கேள்விக்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அதற்குள் சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. ஆகவே நாலாவது பதிலோடு நிறுத்தி, 'மூல காரணம்: பாதுகாப்பு' என்று முடிவெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'இருந்த இடத்தில் எரிவாயு' திட்டம். இனி யாரும் இறங்க வேண்டாம். டிரைவர், பயணி எல்லோரும் உட்கார்ந்தபடியே கேஸ் பிடித்துக்கொள்ளலாம். முதல் சோதனை மரக்காணத்தில். நடராசனே நேரில் வந்து, தானே காரில் உட்கார்ந்து துவக்கி வைப்பார்.

ஆரோக்கியசெல்வி அலுவலக அறைக்கு ஓடி நடராசனுக்குப் போன் போட்டாள். "சார், வேணாம் சார். டிரைவர் சீட்டுல இருந்தா ஞாபக மறதியா கேஸ் ஹோஸோட வண்டிய எடுத்துடுவாரு. ஹோஸ் பிச்சுக்கிட்டு அடிச்சா ஆள் தாங்காது. உள்ள இருக்கிறவங்க எறங்கி ஓடக்கூட முடியாது."

"இதெல்லாம் பழைய சிந்தனைம்மா. டேட்டா என்ன சொல்லுது? இறங்கினதுல ஒரு நியர் மிஸ் இருக்கு. உக்காந்திருந்ததுல ஒண்ணுகூட இல்ல."

"உக்காரவே விடலியே சார்!"

"அதைத்தான் இனிமே விடச் சொல்றோம்" என்றார் நடராசன் அன்பாக.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் வாய் துடித்தது. சொன்னால் வேலை போகும். போனை வைத்துவிட்டாள்.

அந்த நாள் வந்தது. பந்தல், ரிப்பன், பன்னீர்ச் சொம்பு எல்லாம் இருந்தன. கம்பெனியின் வெள்ளைக் கார் மாலை போட்டுக்கொண்டு டிஸ்பென்சர் பக்கத்தில் வந்து நின்றது. முன்சீட்டில் டிரைவர், பின்சீட்டில் நடராசன். இருசப்பன் வாய்க்குள் எதையோ முனகியபடி குழாயை மாட்டினார். கேஸ் ஏறத் தொடங்கியது. கம்பெனி பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்த பிரபுவை மட்டும் ஆரோக்கியசெல்வி விடவில்லை. கேமராவோடு அவனை மஞ்சள் கோட்டைத் தாண்டி ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். அதிலாவது அவள் பேச்சு எடுபட்டது. பந்தலுக்கு வெளியே அஞ்சம்மாள் கூட்டமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

நடராசன் கண்ணாடியை இறக்கி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, சிரித்தார். சிரிப்பை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருப்பது சுலபமா? ரோட்டோரம் நின்ற பிரபுவைப் பார்த்து உரக்கக் கத்தினார்: "எடுப்பா!"

லாரிச் சத்தத்தில் பிரபு காதில் விழவில்லை.

"எடுப்பா! எவ்வளவு நேரம்? எடு, எடு, சீக்கிரம் எடு!"

பிரபு காதில் விழவில்லை, டிரைவர் காதில் விழுந்தது. ஐயா 'எடு' என்றால் வண்டியை எடுப்பதுதானே அவர் இத்தனை வருஷமாகப் பார்த்த வேலை. "இதோ எடுத்துட்டேன் சார்" என்று சாவியைத் திருகி, கியரைப் போட்டு, எடுத்தே விட்டார்.

கார் நகர்ந்தது. குழாய் நெளிவு விட்டு நீண்டு, விறைத்தது. இருசப்பன் பாய்ந்து கேஸை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அடித்தார். ஆரோக்கியசெல்விக்கு ஒரு யோசனையும் ஓடவில்லை. எல்கேஜியில் நாற்பது பிள்ளைகளை ஒரே நொடியில் அடக்கிய குரல் தானாக வெளியே வந்தது.

"கை கட்டு! வாய் பொத்து!"

டிரைவரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு நெஞ்சுக்கு வந்தன. கால் கிளட்சை விட்டது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. குழாய்க்கும் பிய்வதற்கும் இடையே ஒரு சாண்கூட மிச்சமில்லை. அஞ்சம்மாள் கூட்டம் முழுக்கக் கை கட்டி நின்றது. பின்சீட்டில் பாதுகாப்புத் துறைத் தலைவர் நடராசன் ஒரு கையைக் கட்டி, மறுகையால் வாயைப் பொத்தி, கண்களை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பிரபு கேமராவை அழுத்தினான்.

"எடுத்துட்டேன் சார்!"

நடராசன் இறங்கினார். யாரும் சொல்லாமலே மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மெதுவாகச் சொன்னார். "மிஸ்... இதை வெளிய விட வேண்டாம். நமக்குள்ள இருக்கட்டும். உங்க பர்மனென்ட்டுக்கு நான் பொறுப்பு."

"மாசத்துக்கு ரெண்டு கேட்டீங்களே சார். இதுதான் நெஜமான நியர் மிஸ்ஸு."

"அய்யோ, இவ்வளவு நெஜமா யாரும்மா கேட்டாங்க?"

அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. அவர் மேலும், அதைவிடத் தன் மேலும். அன்றைக்கே எழுதினாள். அஞ்சம்மாள் விழப் பார்த்தது நடிப்பு, தெரிந்தே பொய் எழுதினேன், இறங்குவதில் ஆபத்தில்லை, உட்கார்வதில்தான் ஆபத்து, என்னை என்ன செய்தாலும் சரி, ஆட்களை மட்டும் மறுபடி இறங்கச் சொல்லுங்கள். அனுப்பிவிட்டு அறையில் இருந்த தன் சாப்பாட்டுப் பை, குடை, ஜெபமாலை எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்கள்.

ஆர்டர் வந்தது. இருசப்பன் பிரிக்கப் பயந்து இரண்டு தடவை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் பிரித்தாள். பர்மனென்ட் ஆர்டர்.

கணக்கு இப்படி: ஹோஸோடு கார் நகர்ந்தது ஒரு நியர் மிஸ். ஒரு பொய்த் தகவல் நிரந்தர விதியாகப் பார்த்து, கடைசி நேரத்தில் ஆகாமல் போனது இன்னொரு நியர் மிஸ். ஆக மொத்தம் இரண்டு. மரக்காணம் பச்சை.

நடராசனுக்கும் குறை வைக்கவில்லை. ஊழியர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று சோதிக்கவே தான் வேண்டுமென்று காரில் உட்கார்ந்து 'எடு' என்றதாக அவர் அடுத்து நடந்த கம்பெனி விழாவில் பேசினார். "என் உயிரையே பணயம் வைச்சுப் பார்த்தேன். நம்ம ஸ்டாஃப் பாஸ் ஆயிட்டாங்க!" கம்பெனி பத்திரிகையின் அட்டையில் அவர் கை கட்டி வாய் பொத்திய படம் வந்தது. கீழே, 'விதிக்குக் கட்டுப்படும் தலைமை' என்று எழுதியிருந்தார்கள். கேஸ் பிடிக்கும்போது எல்லோரும் இறங்க வேண்டும் என்பதை அவரே புதிதாகக் கண்டுபிடித்த விதியாக எல்லா பங்க்குக்கும் அனுப்பினார்கள். ஆரோக்கியசெல்வி அந்தச் சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டினாள். யார் கண்டுபிடித்தால் என்ன, இறங்கினால் சரி.

அடுத்த மாதக் கடைசியில் போன் அடித்தது. வெளியே ஷேர் ஆட்டோவுக்கு இருசப்பன் கேஸ் பிடித்துக்கொண்டிருந்தார். அஞ்சம்மாளும் மற்றவர்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

"மிஸ், நடராசன் பேசறேன். இந்த மாசம் நியர் மிஸ் எத்தனை?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"என்னம்மா இது, ஒண்ணுகூடவா இல்ல?"

"எப்படி சார் இருக்கும்? நீங்கதான் இந்த மாசம் இந்தப் பக்கமே வரலியே."